ஒற்றைப்படை இல்லாத வரைபடம்

குடிநீர் அலுவலகத்தின் மாடியில் வரைபடப் பிரிவு. அங்கே சன்னலோர மேசைக்காரியை யாரும் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெண்டடி மேடம் என்றால்தான் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. தெருவுக்கு அடியில் குழாய் ஓடுகிறது. குழாய் நெடுக அங்கங்கே ஒரு வால்வு உண்டு. குழாய் வெடித்தால் பக்கத்து வால்வை மூடினால்தான் தண்ணீர் நிற்கும், பழுதும் பார்க்க முடியும். வால்வின் மேல் ஒரு இரும்பு மூடி, தரைமட்டத்தில் இருக்க வேண்டும். ஆனால் ரோடு போடுகிறவர்களுக்கு மூடியைப் பற்றி என்ன கவலை. தார் ஊற்றி உருளையை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ரெண்டு தடவை ரோடு போட்டால் மூடி இருந்த இடம் தெரியாது. அப்புறம் தேடுகிற குழு வந்து மாடிக்குத்தான் போன் போட வேண்டும்.

"மேடம், தோண்டியாச்சு. ஒண்ணும் தட்டுப்படல."

"எங்க நிக்கிறீங்க?"

"பச்சை கேட் வீட்டுக்கு நேரா."

"சுவர் மூலையில இருந்து அளந்தீங்களா, கேட்டுல இருந்து அளந்தீங்களா?"

"கேட்டுல இருந்துதான்."

"இன்னும் ரெண்டடி தள்ளிப் போங்க."

போனை வைக்காமல் காத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் கடப்பாரை இரும்பில் படும் சத்தம் கேட்கும். "கிடைச்சிருச்சு மேடம்" என்பார்கள். சரி என்று வைத்துவிடுவாள். எப்போதும் ரெண்டடியே இருக்காது. சில சமயம் ஒரு முழம், சில சமயம் எதிர்ச்சாரி. ஆனால் பெயர் என்று ஒன்று ஒட்டிக்கொண்டால் அப்புறம் அதை உரித்தா எடுக்க முடியும்?

கணக்குப் படித்தவள். வேலைக்குச் சேர்ந்தபோது வரைபடம் மெழுகுத் தாளில் இருந்தது. கணினி வந்ததும், வெளியிலிருந்து நிரல் எழுதுகிறவர் வருவார் வருவார் என்று எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வந்தபாடில்லை. ஒரு புத்தகத்தை வாங்கிவைத்துத் தானே எழுதக் கற்றுக்கொண்டாள். அவசரப்படமாட்டாள். எதைக் கேட்டாலும் முதல் பதில், "இருங்க, பாப்போம்."

அவளுக்கு அதிகமாகப் போன் போட்டது மூன்றாம் குழுவின் மேஸ்திரி. மனைவியை இளவயதிலேயே நோய்க்குப் பறிகொடுத்தவர், பிள்ளை இல்லை. மற்ற மேஸ்திரிகள் ரெண்டு பள்ளம் தோண்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்கள். இவர் முதல் பள்ளம் தோல்வி என்றதுமே கூப்பிடுவார். "இல்ல மேடம்" என்பதுதான் அவருடைய வணக்கம். படத்தில் தப்பு இருந்தால் தயங்காமல் சொல்வார். "உங்க படத்துல வீட்டுக்கு முன்னாடி இருக்கு, இங்க பாத்தா வீட்டுக்குப் பின்னாடி இருக்கு. வீட்டைத் திருப்பி வெச்சுட்டாங்களா?" அவள் சிரிக்காமல் திருத்திக்கொள்வாள். போனை வைத்த பிறகு சிரிப்பாள்.

இப்படிப் பதினைந்து வருஷம். பாதி ஊர் வால்வுகளை இரண்டு பேரும் குரலால் தேடி எடுத்த பிறகு, ஒருநாள் அவர் மாடியேறி வந்து மேசை முன்னால் நின்றார். ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

"குரலை வெச்சுக் குள்ளமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். அவரைவிட நாலு விரல் உயரம். "இப்ப என்ன செய்யலாம்?"

"நான் வேணா படியில நின்னு பேசறேன்."

அடுத்த வருஷம் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததோடு முடிந்தது. அவளுக்கு அப்போது நாற்பது ஆகிவிட்டது. "இந்த வயசுல மாப்பிள்ளைன்னா பூமிக்கடியில இருந்து தோண்டித்தான் எடுக்கணும். நீ தோண்டுறவரையே பிடிச்சுட்ட" என்று அவளுடைய அக்கா எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. வாசல் குழாயில் பூட்ஸைக் கழுவிய பிறகுதான் அவர் உள்ளே வருவார். சமையல் அவள் பாடு, பாத்திரம் அவர் பாடு. வீட்டிலும் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டார். முதலில் கேலிக்கு, அப்புறம் பழகிப்போய். அவளும் போனில் மேஸ்திரி என்பாள், வீட்டில் என்னங்க என்பாள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அலுவலகம் குழுக்களுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்தது. குழுவுக்கு ஒன்று, மொத்தம் நாலு. இனிமேல் மாடிக்குப் போன் போட வேண்டாம். திரையில் தெருவும் வீடுகளும் தெரியும், வால்வு இருக்குமிடத்தில் நீலப் புள்ளி தெரியும், எந்தச் சுவர் மூலையிலிருந்து எவ்வளவு என்று அதுவே சொல்லும். தெருவும் வீடும் படமாக வேறு அலுவலகத்திலிருந்து வந்தன. வால்வுகளை அதன்மேல் ஏற்றிவிடும் நிரலை அவள் எழுதினாள்.

நில அளவையாளர்கள் கொடுத்த கோப்பில் வரிக்கு ஒரு வால்வு. வால்வு கிழக்கே எத்தனை மீட்டர் என்று கிழக்கு எண், வடக்கே எத்தனை மீட்டர் என்று வடக்கு எண், குழாயின் பருமன். கோப்பில் அவை வெறும் எழுத்துகள்தான். அவற்றை வாசித்து, கணினி கூட்டிக் கழிக்கக்கூடிய எண்ணாக மாற்ற வேண்டும். அதுதான் அந்த நிரலின் வேலை. டேப்லெட்டோ மலிவு ரகம். படத்தை நகர்த்தினால் திக்கித் திணறி நகர்ந்தது. அவள் நிரலை அங்கே இங்கே இழுத்துக் கட்டி, எண்களைக் கொஞ்சம் இடத்தில் அடங்கும்படி மாற்றியதும் வெண்ணெய் போல ஓடியது. அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் பத்துப் புள்ளிகளைப் பார்த்தாள். எல்லாம் தெருவுக்குள்ளேதான் இருந்தன. கொடுத்துவிட்டாள். பொறியாளரம்மா எல்லார் முன்னாலும் வாழ்த்தினார்.

அதற்குப் பிறகு மாடியில் போன் மணி அடிப்பது நின்றுவிட்டது. சாயங்காலம்வரை அந்தப் போன் மேசையில் சும்மா கிடந்தது. முதல் வாரம் அவளுக்கு ஒருமாதிரி இருந்தது. பிறகு, போன் வராததுதானே நல்ல சேதி என்று தேற்றிக்கொண்டாள்.

வீட்டில் மேஸ்திரி பொழுது சாய்ந்த பிறகுதான் வர ஆரம்பித்தார். தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்வார். என்ன என்றால், "ரோடு இறுகிப்போச்சு, முன்ன மாதிரி இல்ல" என்பார். குழுவில் மூத்த ஆள் ஒருவர் உண்டு. எல்லாரும் கடப்பாரை என்றே கூப்பிடுவார்கள். அவர் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார் என்று ஒருநாள் மேஸ்திரி சொன்னார். அவள் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். வயசாகிறதே, பாவம் என்று நினைத்தாள்.

அவளுடைய அக்கா அந்தச் சமயத்தில் ஊரின் மேற்குப் பக்கம் வாடகைக்கு வீடு மாறினாள். ஒரு சனிக்கிழமை காலை வேலை முடிந்து, கழுத்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் அக்கா வீட்டுக்கு நடந்து போனாள். வால்வோடு பழகியவர்கள் தலை நிமிர்ந்து நடக்கமாட்டார்கள், கண் தரையில்தான் இருக்கும். அந்தத் தெருவில் ஒரு இரும்பு மூடி பளிச்சென்று இருந்தது. நல்லது என்று கடந்து போக வேண்டியவள் நின்றுவிட்டாள். மூடிக்கு இரண்டு பக்கமும் கறுப்பாகப் புதுத் தார் ஒட்டு. பள்ளம் தோண்டி மூடிய ஒட்டு.

எதிர்வீட்டு அம்மாள் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு, "தண்ணி ஆபீஸா?" என்றார்.

"ஆமாங்க."

"உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க. பல்வலின்னு போனா, பக்கத்துப் பல்லு ரெண்டையும் பிடுங்கிட்டுக் கடைசியா வலிக்கிற பல்லுக்கு வந்த கதையா இருக்கு. ஒரு மூடி எடுக்க மூணு பள்ளம்."

"எப்பங்க தோண்டுனாங்க?"

"போன மாசம். அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஒரு மேஸ்திரி, பாவம், வேர்த்து விறுவிறுத்து வந்து மன்னிப்புக் கேட்டாரு. உங்ககிட்ட இருக்கிற படம் தப்பான்னு கேட்டேன். இல்லம்மா, படம் சரிதான், எங்க கைதான் சரியில்லன்னாரு."

அவள் நன்றி சொல்லிவிட்டு நடந்தாள். அடுத்த தெருவிலும் பார்த்தாள். அதற்கடுத்ததிலும் பார்த்தாள். சில மூடிகள் ஒட்டுப்போடாமல் இருந்தன. பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குப் பக்கத்தில் ஒட்டு. பழைய சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி தெரு தெருவாகக் கிடந்தது. அக்கா வீட்டில் டீ ஆறிப்போகும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீடு பிடிக்கலையா?" என்றாள் அக்கா.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ரோடுதான் சரியில்ல."

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடப்பாரை வீட்டுக்குப் போனாள். அவர் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். அவளைக் கண்டதும் எழப்பார்த்தார். வேண்டாம் என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு வால்வுக்கு எத்தனை பள்ளம் தோண்டுறீங்க?"

அவர் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மேஸ்திரி சொல்லக்கூடாதுன்னுட்டாரு மேடம்."

"நான் கேக்கறேனே."

அவர் யோசித்தார். முதுகு வலிக்கிறவனுக்குப் பொய்யையும் சேர்த்துச் சுமக்க முடியாது போலிருக்கிறது. "அந்த டேப்லெட்டு வந்ததுல இருந்து இப்படித்தான். பாதி தடவை முதல் பள்ளத்துலயே கிடைச்சிரும். மீதி தடவை பக்கத்துல ஒண்ணு, அதுலயும் இல்லன்னா அந்தப் பக்கம் ஒண்ணு. மேடத்துக்குப் போன் போடுவோம்னு நாங்க சொன்னோம். புதுசா செஞ்சிருக்காங்க, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க, நாம போன் போட்டா அவங்க பேரு கெட்டுரும், நாமளே தேடிக்குவோம்னாரு. அவரும் சேந்துதான் தோண்டுனாரு மேடம். சும்மா நின்னு வேடிக்கை பாக்கல."

"உங்க முதுகு எந்தப் பள்ளத்துல பிடிச்சுது?"

"முதுகுக்கு வயசாயிருச்சு. அதுக்குப் படம் என்ன பண்ணும்."

"எந்தப் பள்ளத்துல?"

"ரெண்டாவது" என்றார்.

அவருடைய மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் மேஸ்திரி வாசல் குழாயில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"படம் சரிதான், எங்க கைதான் சரியில்லன்னு ஒரு அம்மாகிட்ட சொன்னீங்களாம்."

அவர் குழாயை மூடினார். ஈரப் பூட்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "எந்தத் தெரு அம்மா?"

"எத்தனை தெருவுல சொன்னீங்க?"

அவர் பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் சுரண்டினார்.

"தானா சரியாயிரும்னு நெனச்சேன்" என்றார் கடைசியில். "முதல்ல ஒண்ணு ரெண்டுதான் தப்புச்சு. உங்களுக்கு எல்லாரும் கைதட்டினாங்க. அன்னைக்கு உங்க முகத்தைப் பாத்தேன். அதுக்கப்புறம் எப்படி வந்து சொல்றது?"

"எண்ணு தானா சரியாகாது. அது காய்ச்சல் இல்ல."

"தெரியும்."

"நான் தப்புப் பண்ணா சொல்றதுக்குன்னே ஒரு ஆளு இருந்தாரு. பதினஞ்சு வருஷம். போன் எடுத்ததும் இல்ல மேடம், இல்ல மேடம்பாரு. அவரை நம்பித்தான் நான் படமே போட்டேன். கல்யாணம் பண்ணதுல அந்த ஆளு காணாமப் போயிட்டாரு."

அவள் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பூட்ஸைச் சுவரோரம் வைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"கோபமா?"

"கோபம்தான். ஒருத்தர் முதுகு ஒடிஞ்சு படுத்திருக்காரு. அதுக்கு உங்க மேலயும் கோபம், என் மேலயும் கோபம். அதை அப்புறம் படறேன். டேப்லெட்டை எடுத்துட்டு வாங்க."

சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அடுப்பில் ஏதோ கொதித்தது, அணைத்துவிட்டு வந்தாள்.

"புள்ளி காட்டுற இடத்துல இருந்து வால்வு எந்தப் பக்கம் தள்ளி இருந்துச்சு?"

"அதுதான் எனக்கும் புரியல மேடம். ஒரே பக்கம்னா நானே கணக்குப் போட்டுத் தள்ளித் தோண்டியிருப்பேன். ஒரு தடவை கிழக்கே இருக்கும், ஒரு தடவை மேற்கே இருக்கும். அதிகபட்சம் மூணடி, அதுக்கு மேல போனதில்ல."

"வடக்கே?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள் தெருத்தெருவாக நடந்து பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "வடக்கே இல்ல. தெக்கேயும் இல்ல. இப்பதான் எனக்கே தோணுது. எப்பவும் குறுக்காத்தான் தப்பியிருக்கு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆள் கைத்தவறாக அளந்திருந்தால் நாலு திசையிலும் தப்பும். படம் மொத்தமாக நகர்ந்திருந்தால் ஒரே திசையில் தப்பும். இது இரண்டிலும் சேராமல் கிழக்கு மேற்காக மட்டும் ஆடுகிறது. அப்படியென்றால் இரண்டு எண்களில் ஒன்றுக்கு மட்டும்தான் நோவு.

ஒரு நீலப் புள்ளியைத் தொட்டாள். இரண்டு எண்கள் வந்தன. வடக்கு எண் ஏழு இலக்கம், புள்ளிக்குப் பின்னாலும் ஏதோ இருந்தது. கிழக்கு எண் எட்டு இலக்கம். மூன்று கோடியே இருபத்து நாலு லட்சத்துச் சொச்சம். புள்ளிக்குப் பின்னால் இரண்டு சைபர். இன்னொன்றைத் தொட்டாள். அதற்கும் சைபர்.

"கிழக்கு எண்ணுல புள்ளிக்கு முன்னாடி இருக்கிற கடைசி இலக்கத்தை மட்டும் படிங்க. ஒவ்வொரு புள்ளியா தொட்டுத் தொட்டு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரெண்டு. நாலு. எட்டு. ரெண்டு. சைபர். ஆறு. நாலு. நாலு. எட்டு." தொட்டுக்கொண்டே போனார். "ஆறு. சைபர். ரெண்டு." விரல் நின்றது. "ஒத்தையே வரலையே மேடம்."

"வராது" என்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"என்னன்னு எனக்கும் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "உங்க அளவு டேப்புல சென்டிமீட்டர் கோடு எல்லாம் அழிஞ்சு, ரெண்டு மீட்டருக்கு ஒரு கோடு மட்டும் இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒரு வால்வு ஒண்ணேகால் மீட்டர்ல இருக்கு. என்னன்னு எழுதுவீங்க?"

"பக்கத்துல எந்தக் கோடு இருக்கோ அது. ரெண்டுன்னு எழுதுவேன்."

"அதுதான் நடந்திருக்கு. கம்ப்யூட்டர்ல புள்ளி வெச்ச எண்ணைப் போட்டு வைக்க ரெண்டு டப்பா இருக்கு, சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. சின்னதுல ஏழு இலக்கம் வரைக்கும்தான் நம்பி வைக்கலாம். எண்ணு சின்னதா இருந்தா கோடு நெருக்கமா இருக்கும். எண்ணு பெருசாகப் பெருசாகக் கோடு விலகிக்கிட்டே போகும். மூணு கோடியில ரெண்டு ரெண்டாத் தாண்டுது. நடுவுல இருக்கிற ஒத்தைப்படை எண்ணுக்கு அதுல இடமே கிடையாது. டேப்லெட்டு வேகமா ஓடணும்னு நான் சின்ன டப்பாவை எடுத்துப் போட்டேன்."

"வடக்கு எண்ணு?"

"அது ஏழு இலக்கம்தான். அதுக்குக் கோடு நெருக்கம். தப்பினாலும் விரல் அளவுதான் தப்பும், உங்க கடப்பாரைக்கு அது தெரியாது. கிழக்கு எண்ணுக்கு முன்னாடி இந்த ஊரு எந்த மண்டலம்னு சொல்றதுக்கு அளவைக்காரங்க ரெண்டு இலக்கம் சேத்து வெச்சிருக்காங்க. ஊருல இருக்கிற எல்லா வால்வுக்கும் அந்த ரெண்டும் ஒண்ணேதான். முன்னாடி வந்து ரெண்டு இடத்தை அதுங்க பிடிச்சுக்கிச்சு, பின்னாடி இருக்கிறது கீழ விழுந்துருச்சு."

"தப்புன்னு அது சொல்லாதா?"

"சொல்லாது. அதுக்கு இது தப்பே இல்ல. கிட்டத்துல இருக்கிற எண்ணைக் கொடுத்துட்டுப் பேசாம இருக்கும்."

"அந்தச் சின்ன டப்பாவுக்கு என்ன பேரு?"

"ஃப்ளோட்."

அவர் முகம் மலர்ந்தது. "நம்ம டேங்குக்குள்ள மிதக்குமே பந்து, அந்த ஃப்ளோட்டா? அதை வெச்சா வால்வு மிதந்துக்கிட்டு இங்கயும் அங்கயுமா போகத்தான் செய்யும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

திங்கட்கிழமை காலை தன் திரையில் அதே வால்வுகளைப் பார்த்தாள். அலுவலகக் கணினி எண்ணைப் பெரிய டப்பாவில்தான் வாசித்தது. ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் கலந்து, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தோடு எல்லாம் ஒழுங்காக இருந்தன. இத்தனை மாதமும் தன் திரையைப் பார்த்துவிட்டுச் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். டேப்லெட்டின் நிரலில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு சொல். மாற்றினாள். டேப்லெட் முன்னைவிடக் கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடியது, ஓடட்டும் என்று விட்டாள்.

பிறகு பொறியாளரம்மாவிடம் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "மத்த மூணு குழுவும் ஏன் பேசாம இருந்தாங்க?" என்றார். அந்தக் கேள்வி அவளுக்கும் தோன்றியிருந்தது.

மறுநாள் காலை வண்டிகள் கிளம்புமுன் நாலு குழுவையும் முற்றத்தில் கூட்டினார்கள். நிரலில் தன் தப்பு என்ன, அதனால் என்ன ஆயிற்று என்று அவள் நேராகச் சொன்னாள். டப்பா, கோடு என்றெல்லாம் நீட்டவில்லை. "நீங்க தோண்டின ரெண்டாவது பள்ளம், மூணாவது பள்ளம் எல்லாம் என்னாலதான். மன்னிச்சுக்குங்க" என்றாள்.

முதல் குழுவின் மேஸ்திரி கழுத்தைச் சொறிந்துகொண்டு கேட்டார். "அப்ப எங்க கை சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"நாங்க வேற மாதிரி நெனச்சோம் மேடம். மூணாம் குழு மேஸ்திரி உங்க வீட்டுக்காரரு. அவரே ஒண்ணும் சொல்லல. அவங்களுக்கு மட்டும் சரியா கிடைக்குது போல, நமக்குத்தான் டேப்லெட்டு பாக்கத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டோம். என் ஆளுங்களைக் கன்னாபின்னான்னு திட்டியிருக்கேன்."

மூன்றாம் குழு மேஸ்திரி வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முன்னால் வந்து, "எங்களுக்கும் கிடைக்கல" என்றார். "பாதி தடவை கிடைக்கல. சொல்லாம விட்டது என் தப்பு." அவ்வளவுதான் சொன்னார். பதினைந்து இருபது பேர் முன்னால் அதைச் சொல்வது அவருக்கு லேசாக இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. சனிக்கிழமை முதல் அவள் நெஞ்சில் கட்டிப்போயிருந்த கோபத்தில் பெரும்பங்கு அந்த இடத்தில் கரைந்தது.

அன்றைக்கே ஒரு கசிவு என்று தகவல் வந்தது. அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு வால்வுகூடத் தோண்டிப் பார்த்ததில்லை. டேப்லெட் சொன்ன இடத்தில் மேஸ்திரி சுண்ணாம்பால் குறி போட்டார். தாரை உடைத்து மண்ணை எடுத்தார்கள். ஒருவர் வெட்டினால் மற்றவர் ஓய்வெடுக்க வேண்டும், அத்தனை கடினம். அவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. போனில் கேட்கும்போது கொஞ்ச நேரமாகத்தான் இருந்தது. மூடி முதல் பள்ளத்திலேயே, நடுவிலேயே இருந்தது. மேஸ்திரி அதைத் துடைப்பத்தால் பெருக்கித் திறந்து, வால்வுச் சாவியைப் போட்டுத் திருகினார், தண்ணீர் நின்றது. அவள் ஓரத்தில் உட்கார்ந்து, தோண்டி எடுத்த மண் எவ்வளவு உயரம் குவிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடப்பாரைக்கு முதுகு சரியாகப் பல வாரம் ஆயிற்று. திரும்பி வந்த பிறகு அவருக்குத் தோண்டும் வேலை வேண்டாம் என்று பேசி, டேப்லெட்டைப் பிடித்துக்கொள்ளும் வேலையை வாங்கிக் கொடுத்தாள். முதலில் அவருக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. "கடப்பாரை பிடிச்ச கையில கண்ணாடிப் பலகையா?" என்று முனகினார். அப்புறம் அதை யார் கையிலும் கொடுக்க மறுத்தார்.

நிரலில் அவள் ஒரு சோதனை சேர்த்தாள். கோப்பில் இருந்த எழுத்தும், வாசித்த எண்ணைத் திரும்ப எழுதினால் வரும் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வரிக்கும் ஒப்பிட்டுப் பார்க்கும். இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பத்து வரிச் சோதனைதான். முன்பே எழுதியிருந்தால் எத்தனை பள்ளம் மிச்சம் என்று கணக்குப் போடப் போனவள், பாதியில் விட்டுவிட்டாள். தெருவில் ஒட்டுகள் அப்படியே இருந்தன. சைக்கிளில் போகிறவர்கள் அந்த இடத்தில் லேசாகத் தூக்கிப் போடப்பட்டார்கள். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த எதிர்வீட்டு அம்மாளை விசாரித்துவிட்டுத்தான் போவாள். படம்தான் தப்பு, கை சரி என்று அவரிடம் போய்ச் சொன்னபோது அவர், "அன்னைக்கே நெனச்சேன், அந்த ஆளு முகம் பொய் சொல்ற முகமா இல்லையேன்னு" என்றார்.

வீட்டில் ஒரு ஏற்பாடு வந்தது. அவள் வேலையில் தப்பு என்று தெரிந்தால், பெரிதோ சிறிதோ, அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். மேஸ்திரி ஒப்புக்கொண்டார். அவர் ஒன்றை ஒப்புக்கொண்டால் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பட்டனில் எழுத்து சின்னதாக இருக்கிறது, நீலம் வெயிலில் தெரியவில்லை, தெருப் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது என்று சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். அவள் குறித்துக்கொள்வாள்.

ஒருநாள் முட்டைப் பொரியலை வாயில் வைத்துவிட்டு, "மேடம், உப்பு கூட" என்றார்.

"அது வேற துறை" என்றாள் அவள். "அங்க புகார் வாங்கறதில்ல."

அவர் தலையாட்டிவிட்டு, தண்ணீர் குடித்துக் குடித்து மீதியையும் சாப்பிட்டார். பிறகு இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.